இந்த டாவ் முடியட்டும்

ஜூன் 4, 2025
மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. வங்கியிலிருந்து கடிதம். கேஷவோடு புனேயில் குடித்தனம் நடத்த நான் எடுத்த இரண்டு வருடச் சம்பளமில்லா விடுப்பு முடிகிறது. கோவைக் கிளையில் மறுபடி சேர்வேனா என்று முப்பதாம் தேதிக்குள் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் வேலையை விட்டதாக எடுத்துக்கொள்வார்களாம். பதினோரு வருட வேலை.

கேஷவிடம் சொன்னேன். செல்போனில் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். "ஏக் மினிட் ப்ரியா, இந்த டாவ் முடியட்டும்." புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர், ஆட்டத்தை டாவ் என்பார். முடிந்தது. அடுத்த டாவ் தொடங்கியது.

ஜூன் 9
ஆபீஸ் டென்ஷனுக்கு இதை ஆடச் சொன்னது மகர்பட்டாவில் இருக்கும் அவர் ஆபீஸுக்கு வரும் மனநல ஆலோசகராம். நல்ல ஆட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். நேரக் கெடு இல்லை, திட்டு இல்லை. தப்பாக வைத்த சீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பின்னால் அலைச் சத்தம் வேறு. ஒரே குறை — எதிரே பெண்டாட்டி உட்கார்ந்திருப்பது ஆடுகிறவருக்குத் தெரியாது.

ஜூன் 15
ஞாயிறு. இன்று நான் விடவில்லை. "ரெண்டே வருசம், அப்புறம் நானும் கோயமுத்தூருக்கே வந்தர்றேன்னு சொன்னீங்களா இல்லீங்களா?"

"சொன்னேன். இப்ப ஆபீஸ்ல மாஹோல், நிலைமை, சரியில்ல. நீ ஏன் இவ்ளோ டென்ஷன் ஆகறே? நீயும் ஆடிப் பாரேன்."

என் போனிலும் ஏற்றிக் கொடுத்தார். வருவாரா மாட்டாரான்னு கேட்டா சீட்டுக்கட்டைக் குடுக்கறாரு. நான் பேசறது அந்த மனுசன் காதுல விழவே விழாதா?

ஜூன் 16
ஆடினேன். பிடிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை.

ஜூன் 23
காலையிலிருந்து பதினேழு ஆட்டம். பருப்பு அடிப்பிடித்தது. அவர் கவனிக்காமல் சாப்பிட்டார், நானும் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

ஜூன் 29
முடிவெடுத்துவிட்டேன். அவர் வராவிட்டால் போகட்டும், நான் போகிறேன். கிளை மேலாளர் ராகவேந்திரா வெள்ளிக்கிழமையே கூப்பிட்டு நினைவுபடுத்தினார்.

மெயிலைத் திறந்தேன். கோபத்தில் எழுதினால் கண்டபடி எழுதிவிடுவேன், ஓர் ஆட்டம் ஆடிவிட்டு நிதானமாக எழுதலாம் என்று நினைத்தேன். ஆடி முடித்தபோது கோபம் இல்லை. எழுதும் வேகமும் இல்லை. நாளைக்கு ஒரு முழு நாள் இருக்கிறதே?

ஜூன் 30
மாலை ஆறு மணி. அனுப்பவில்லை.

ஜூலை 2
ராகவேந்திரா சார் பேசினார். "திங்கக்கெழம சாயந்தரம் வரைக்கும் மெயிலையே பாத்துட்டிருந்தனுங்க மேடம். நீங்க கட்டாயம் வந்துருவீங்கன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். பதினோரு வருடம் போய்விட்டது. அழுகை வரும் என்று குளியலறைக்குள் போய் நின்றேன். வரவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் கேஷவிடம் சொன்னேன். குரலை உயர்த்தவே இல்லை. அவர் போனைக் கீழே வைத்துவிட்டு, இந்த ஒரு மாதத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"பாத்தியா, இப்பல்லாம் நீ எவ்ளோ ஷாந்தமா இருக்கே," என்றார்.