வெளியே எடுத்த மீன்

ஓகஸ்ட் 3, 2025, ஞாயிறு

சந்தைக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய எட்டு சிக்லிட் மீன் குஞ்சுகளும் வளர்ந்துவிட்டன. கூடவே சண்டையும் வளர்ந்துவிட்டது. பெரியது ஒன்று மூலைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, கிட்ட வருகிறதுகளின் வாலைக் கடிக்கிறது. ஒன்றுக்குப் பாதி வால்தான் மிச்சம்.

"பென்சன் எடுத்தும் வகுப்பு விடேல்லை. பிரம்பு எடுத்துத் தரட்டோ?" என்கிறாள் மனைவி ஞானேஸ்வரி.

ஓகஸ்ட் 5

கடிக்கிறதைப் பிடித்து வாளியில் விட்டேன். தொட்டி அமைதி.

ஓகஸ்ட் 8

மூன்று நாள்தான். முன்பு கடி வாங்கிய ஒன்று இப்போது அதே கல்லில் நின்று மற்றதுகளைத் துரத்துகிறது. மீன்கடை ஜெனுசனுக்குப் போன் எடுத்தேன்.

"ஒண்டை எடுத்தா அடுத்தது வரும் சேர். மீனில பிழை இல்லை. தொட்டி சின்னன், ஒளிக்க இடமில்லை. கல்லு கூடப் போட்டுப் பாருங்கோ."

இப்படி ஒன்றை முன்பே கண்டிருக்கிறேன்.

ஓகஸ்ட் 9

எழுதிவிடுகிறேன். நிரஞ்சன்.

2008, யுத்த நேரம், வன்னியில் தருமபுரம். இடம்பெயர்ந்த மூன்று பள்ளிக்கூடங்களின் பத்தாம் வகுப்பு ஒரே தறப்பாள் கொட்டகையில். அறுபத்து நான்கு பிள்ளைகள், ஒரு வாங்கில் ஆறு பேர். நிரஞ்சன் எந்நேரமும் யாருக்காவது அடித்தபடி. ஒருநாள் பக்கத்துப் பிள்ளையின் உதடு கிழிந்தது. "ரெண்டு கிழமைக்கு இந்தப் பக்கம் வராதை" என்றேன். வீட்டுக்குக் கடிதம் கொடுக்கவில்லை. அதிபருக்கும் சொல்லவில்லை. வகுப்பு அமைதியானது. எனக்குச் சந்தோஷம். நாலாம் நாள் வேறொருவன் அடிக்கத் தொடங்கினான். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

ஒன்பதாம் நாள், பள்ளிக்கூட நேரத்தில் ரோட்டில் நின்றவனைப் போருக்கு ஆள் பிடிக்கிறவர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பதினைந்து வயது. இன்றுவரை தகவல் இல்லை.

ஓகஸ்ட் 11

இன்னும் நாலு கல் போட்டேன். மீன்கள் இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து நிற்கின்றன. துரத்தல் குறைந்துவிட்டது.

கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பாலை மரம் நின்றது. பாதிப் பேரை அதன் கீழே இருத்தியிருக்கலாம். அவ்வளவுதான் செய்திருக்க வேண்டும்.

ஓகஸ்ட் 14

நேசமலர் வந்தா. நிரஞ்சனின் தாய், அடுத்த ஒழுங்கையில் இருக்கிறா. காணாமல் ஆக்கப்பட்டோர் நாள் 30ஆம் திகதி. ஒவ்வொரு வருடமும் அதற்கு முன், மகனைத் தேடித்தரச் சொல்லி அவா அதிகாரிகளுக்கு அனுப்பும் கடிதத்தை நான்தான் எழுதுவேன்.

"பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடிச்சு ரோட்டில நிண்டவன் எண்டதையும் போடுங்கோ சேர். உண்மையை மறைச்சா அவனைக் கடவுள் காட்டமாட்டார்." பிறகு வழமைபோல, "நீங்கள்தான் வரவேண்டாம் எண்டனீங்கள் எண்டு என்னட்டையே பொய் சொன்னவன். உங்களை எனக்குத் தெரியாதே? நல்லா அடிச்சனான்."

பதினொரு வருடம், அவன் கள்ளமடித்தான் என்ற அந்த வரியை என் கையால் எழுதியிருக்கிறேன். இன்றும் எழுதினேன். நாளைக்குத் தபாலில் போடுவதாகச் சொல்லி அவாவை அனுப்பினேன்.

ஓகஸ்ட் 15

போடவில்லை. கிழித்துவிட்டேன். என்ன மனுசன் நான்?

ஓகஸ்ட் 17, ஞாயிறு

நேசமலர் வீட்டுக்குப் போனனான். அவா குசினி வாசலில் இருந்து வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தா. "இருங்கோ சேர், தேத்தண்ணி போடுறன்" எண்டு எழும்பினவாவை மறிச்சுச் சொன்னன் — அவன் சொன்னது உண்மை. நான்தான் வரவேண்டாம் எண்டனான்.

கத்தி அப்படியே நிண்டது. என்னைப் பாக்கேல்லை. "அகப்பை முறியிற அளவுக்கு அடிச்சனான், சேர்" எண்டா.

எழும்பி வந்திட்டன்.

என்ர பாரம் குறையச் சொன்னனானோ? அவாவின்ர தலையில ஏத்திப்போட்டன்.

ஓகஸ்ட் 19

நேசமலரின் கதவு நாள் முழுக்கச் சாத்தியிருந்ததாம். ஞானேஸ்வரி சொன்னாள்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் லக்சிகா வந்தாள், நிரஞ்சனின் தங்கை. உள்ளே வரவில்லை. சைக்கிளில் இருந்தபடியே கேட்டாள்.

"கடிதத்தை இந்த முறை நான்தான் எழுதுறன். நீங்கள் அண்ணாவை வரவேண்டாம் எண்டு சொன்ன திகதியை அம்மா கேக்கச் சொன்னவா."

"2008 நவம்பர் பத்து. திங்கட்கிழமை" என்றேன்.

போனில் குறித்துக்கொண்டாள். "உங்கட முழுப் பெயரும் வேணும், சேர்."

எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.