இரும்புச் செயின் பூட்டின டாங்கி

ஜனவரி 27, திங்கள்

மழை விட்டது. இரண்டு நாளாக உள்ளே தொங்கின உடுப்பெல்லாம் வெளியே போட்டுக் காய்ந்தது.

பின்னேரம் ஹுஸ்னியாவுக்கு ஒரு பார்சல் வந்தது. செருப்புப் பெட்டியளவுதான். தூக்கினால் அம்மிக்குழவிக் கனம். என் மகள் சுல்பிகா பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் குசினிக்குப் போனாள். அவள் பேசாமல் போனால்தான் பயப்பட வேண்டும்.

ஹுஸ்னியா அவளுடைய மூத்த பிள்ளை. என் பேத்தி. பெட்டியைத் திறந்து உள்ளே இருந்ததை என் மடியில் கொட்டினாள். சின்னச் சின்னச் சில்லுகள், பல்லுச் சக்கரங்கள், ஊசி போல் ஆணிகள். பாண்டிருப்பு ஆள் ஒருவர், சுதன் என்று பெயர், கொழும்பில் வேலை செய்கிறார். அவரும் கூட்டாளிகளும் லீவு நாட்களில் ரிமோட்டில் ஓடுகிற யுத்த தாங்கிகளை வைத்துக்கொண்டு மண்ணில் ஓட்டுவார்களாம். வளர்ந்த ஆம்பிளைகள்! அவருடைய டாங்கி பூனையளவு இருக்கிறது. முழுக்க பிளாஸ்டிக். அதைக் கழற்றி இரும்பாக மாற்றித் தர வேண்டும் என்று ஹுஸ்னியாவிடம் தந்திருக்கிறார்.

"எல்லாம் இரும்பில்ல உம்மம்மா. கலப்பு உலோகம்" என்றாள்.

எனக்கு அது இரும்புதான்.

ஜனவரி 29, புதன்

செயின் கோர்க்கிறதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். டாங்கிக்கு டயர் இல்லை, இரண்டு பக்கமும் செயின். ஒரு துண்டு, இன்னொரு துண்டு, நடுவில் ஒரு ஆணி. சின்னச் சுத்தியலால் தட்டுகிறாள், நுளம்புக்கு அடிக்கிற மாதிரி மெதுவாக. லுஹர் தொழுதுவிட்டு வந்தேன், அஸர் தொழுதுவிட்டு வந்தேன், இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். முடிந்த செயினைக் கையில் தந்தாள். குளிராக, விரலுக்குள்ளால் வழிந்து மடியில் விழுந்தது. சுபஹானல்லாஹ்! நான் அறுபத்தொன்பது வயது வரை பார்த்த நகை எதுவும் இப்படிக் கையில் ஓடினதில்லை.

இவள் இதை யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. போனில் பார்த்துத்தான் படித்தாள்.

பெப்ரவரி 1, சனி

சுல்பிகா வாயைத் திறந்தாள். அக்கரைப்பற்றில் இன்சூரன்ஸ் ஒபீஸ் ஒன்றில் ஹுஸ்னியாவுக்கு இடம் சரிவந்திருக்கிறது. பெருநாள் கழிய, ஏப்ரல் ஏழாம் திகதி போய்ச் சேர வேண்டும். இவள் வாப்பாவும் சவூதியில் இருந்து கோல் எடுத்து, உம்மா சொல்றதக் கேளு என்றாராம்.

"ஒரு பொம்புளப் புள்ள வீட்டுக்குள்ள யுத்த தாங்கி பூட்டுறாள் எண்டு ஊரு சிரிக்கும். நாளைக்கு ஆரும் கேட்டா நான் என்னத்தச் சொல்ற?"

"உம்மா, இது ஒண்டு மட்டும். இது சுதன் அண்ணனுக்குப் புடிச்சிட்டா அவர்ர கூட்டாளிமாரும் தருவாங்க. இது சரிவராட்டி நான் ஒண்டும் கதைக்காம ஒபீசுக்குப் போறன்."

"சரிவராட்டியா? அல்லாட காவல். விளையாட்டுச் சாமான நம்பி உத்தியோகத்த விடுறதா?"

நான் நடுவில் கிடந்து முழித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், உத்தியோகத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும். ஆனால் அந்தச் செயினை சுல்பிகா ஒருதரம் கையில் எடுத்துப் பார்த்திருந்தால்... அவள் எடுக்கவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

இரும்புச் செயின் பூட்டி முதல்முதல் ஓட விட்டாள். சிமெந்துத் தரையில் கடகடவென்ற சத்தம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சண்டைக் காலத்தில் மெயின் ரோட்டால் பெரியது போகும்போது இந்தச் சத்தம்தான் முதலில் வரும், அலுமாரிக்குள் கோப்பைகள் நடுங்கும், நாங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்கதவுக்கு ஓடுவோம். கண்ணைத் திறந்து பார்த்தால் அது கதிரைக்குக் கீழே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஹுஸ்னியா குப்புறப் படுத்துக்கொண்டு அதனோடு கதைக்கிறாள். நான் சிரித்துவிட்டேன். இவளுக்கு அந்தச் சத்தம் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

அரை மணித்தியாலம் கூட ஓடவில்லை. உள்ளே கிர்ர் என்றது. நின்றுவிட்டது.

கழற்றிப் பார்த்தால் கியர் பொக்ஸுக்குள் பிளாஸ்டிக் பல் எல்லாம் வழித்து எடுத்தது போல. செயின் கனத்தை அது தாங்கவில்லையாம். "ஒண்ட இரும்பாக்கினா மற்றதும் இரும்பாகணும் உம்மம்மா" என்றாள். கியர், அதைப் பிடிக்கிற தகடு, முன்சில்லைத் தாங்குகிற முனை, எல்லாம். பெருமூச்சுக் கூட விடாமல் அடுத்த பெட்டியைத் திறந்தாள்.

பெப்ரவரி 9, ஞாயிறு

இரும்புக் கியர் பூட்டியாயிற்று. மூன்று பெரிய அகராதிப் புத்தகங்களை முதுகில் வைத்தேன். இழுத்துக்கொண்டு போனது!

பெப்ரவரி 13, வியாழன்

இன்று கண்டதை எழுதாமல் படுக்க மாட்டேன்.

செயின் வெள்ளி போல் பளபளவென்று இருந்தது. உண்மை டாங்கி அப்படி இருக்காது என்றாள். பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ஏதோ தண்ணீர் ஊற்றி, கையுறை போட்டுக்கொண்டு செயினை இறக்கினாள். நான் பார்த்துக்கொண்டிருக்கவே நிறம் மாறினது. முதலில் பழுப்பு, மறுகா கத்தரிப்பூ, மறுகா கருப்பு. ஒரு தடவை மூச்சு விடுவதற்குள். இருட்டு வந்து அதற்குள் இறங்கின மாதிரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தேன்.

நாளையிலிருந்து பெயின்ட் வேலை. என் நெஞ்சிழுப்புக்கு அந்த மணம் ஆகாது என்று அறைக் கதவைச் சாத்திவிடுவாளாம். வேலை முடியும்வரை நான் எட்டிப் பார்க்கக் கூடாது.

பெப்ரவரி 20, வியாழன்

இன்றும் கதவு சாத்தியே கிடக்கிறது. சாப்பாட்டை வாசலில் வைக்கிறேன்.

பெப்ரவரி 26, புதன்

யா அல்லாஹ். என்ன செய்துவிட்டேன்.

நோன்பு வருகிறது, வீடு கழுவுகிற நாள். திரைச்சீலை கழற்றினோம், பாய் காய வைத்தோம், அலுமாரிச் சாமான் எல்லாம் இறக்கினோம். சுல்பிகா பள்ளிவாசல் பக்கம் போயிருந்தாள். ஹுஸ்னியா பெற்றரி வாங்கக் கல்முனைக்குப் போயிருந்தாள். அவளுடைய அறை திறந்து கிடந்தது. பெயின்ட் மணம் இல்லை. கூட்டிவிடுவோம் என்று போனால் மேசையில் டாங்கி. செயின், சில்லு எல்லாம் ஒரே துரு! இடுக்கெல்லாம் காய்ந்த சேறு!

கடற்காற்று என்று நினைத்தேன். எங்கள் ஊரில் கேற் துருப்பிடிக்கும், சைக்கிள் துருப்பிடிக்கும், புதுப் பூட்டு ஆறு மாதத்தில் துருப்பிடிக்கும். பாவம் பிள்ளை, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டாள், இத்தனை நாள் வேலை வீணாய்ப் போகிறது என்று செயினைக் கழற்றினேன். எப்படிக் கழற்றுவது என்றுதான் பார்த்துப் படித்திருக்கிறேனே, அதில் ஒரு பெருமை எனக்கு. பித்தளைச் சாமானுக்குக் கரைத்து வைத்த புளி இருந்தது. தேங்காய்த் தும்பு எடுத்து ஒவ்வொரு துண்டாகத் தேய்த்தேன். சில்லையும் விடவில்லை. கல்யாணச் செம்பு போல மின்னினது. துடைத்து, வெயிலில் வைத்து, திரும்பப் பூட்டி, மேசையில் வைத்துவிட்டு அவள் வருகிறவரை வாசலில் குந்திக்கொண்டிருந்தேன், சந்தோஷப்படுவாள் என்று.

வந்தாள். பார்த்தாள். பெற்றரியைக் கீழே வைத்தாள்.

"உம்மம்மா... அது நான் பூசின துரு."

"என்ன?"

"அது துரு இல்ல உம்மம்மா. நான்தான் பூசின. சேறும் நான்தான் பூசின. படத்தப் பாத்துப் பாத்து."

பத்து நாளைக்கு மேல் கதவைச் சாத்திக்கொண்டு செய்தது அதுதானா! துருவைப் பூசுவார்களா? சேற்றைப் பூசுவார்களா? இந்த ஊரில் அதைத் துடைக்கத்தானே எங்கள் ஆயுசு போகிறது!

அவள் சத்தம் போடவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். என் கையை எடுத்துப் பார்த்து, "ஆணி குத்தினதா?" என்று கேட்டாள். அதற்குத்தான் நான் அழுதேன்.

பெப்ரவரி 27, வியாழன்

கருப்பாக்குகிற தண்ணீர் முடிந்துவிட்டது. கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். சுதன் டாங்கியை எடுக்கச் சனிக்கிழமை வருகிறார், ஞாயிறு போய்விடுவார். சுல்பிகாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "எல்லாத்தையும் கழுவுற உம்மாவப் பெத்தது நான் செஞ்ச பாக்கியம்" என்று என்னைத்தான் நக்கலடித்தாள். என்னை அவளா பெற்றாள்! கோபத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் சிரிக்க முடியவில்லை.

ஹுஸ்னியா மஃரிபுக்குப் பிறகு வந்து என் பக்கத்தில் இருந்தாள். "பூசுறதுக்கு நேரமில்ல. சேறு இரிக்கிற இடத்துக்குக் கொண்டு போவம்" என்றாள். சுதனுக்குக் கோல் எடுத்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "வீட்ட வராதீங்க அண்ணன். நற்பிட்டிமுனை வயலுக்கு வாங்க. வடிவு பாக்க ஏலா. ஓடுறதப் பாருங்க."

மார்ச் 1, சனி

ஓட்டோவில் போனோம். என்னைத் தனியே விட ஏலாது என்று சுல்பிகாவும் ஏறினாள், முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு.

அறுவடை நடக்கிறது. பாதி வயல் வெட்டிக் கிடந்தது. வாய்க்கால் பக்கம் இன்னும் ஈரம். ஹுஸ்னியா டாங்கியைத் தூக்கி வரம்பில் வைத்தாள். வெயிலில் அது மின்னின மின்னலுக்கு எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல வெட்கம். வெட்டு மெஷின் ஓட்டுகிற செல்லத்தம்பி மெஷினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். அவருடைய மெஷினும் செயினில்தானே ஓடுகிறது.

"என்ன தங்கச்சி, என்ட மெஷின் போட்ட குட்டியா?"

சுதன் மோட்டார் சைக்கிளில் வந்தார். மெலிந்த ஆள், கண்ணாடி போட்டவர். டாங்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கழுவினது நீங்களா அம்மா? எங்கட வீட்டுச் சட்டி பானையையும் அனுப்பி வைக்கட்டா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அவருடைய முகம் சுருங்கினதை நான் கண்டேன்.

ஹுஸ்னியா ரிமோட்டை எடுத்தாள்.

வைக்கோலுக்குள்ளால் போனது. அடுத்த வரம்பில் ஏறினது. வரம்பு முழங்காலளவு, இது பூனையளவு. மூக்கை வானத்துக்குத் தூக்கி, மண்ணைப் பின்னால் எறிந்துகொண்டு ஏறினது. உச்சியில் ஒரு கணம் தள்ளாடி அந்தப் பக்கம் தலைகுப்புற இறங்கினது. நேரே சேற்றுக்குள். புதைந்தது. சில்லுகள் மறைந்தன. பிறகு செயினும் மறைந்தது. சுதன் செருப்பைக் கழற்றி இறங்கப் போனார்.

"இறங்காதீங்க அண்ணன்" என்றாள் ஹுஸ்னியா.

பின்னுக்கு விட்டாள். முன்னுக்கு விட்டாள். ஒரு பக்கம் மட்டும், பிறகு மற்றப் பக்கம். உள்ளே கியர் உறுமுகிறது. இப்போது கிர்ர் என்று கேட்கும், இப்போது கேட்கும் என்று காதைப் பொத்திக்கொண்டேன். என் காதுக்குப் பக்கத்தில் யாரோ கத்தினார்கள்:

"விடாத! விடாத புள்ள! அந்தப் பக்கத்தால எடு!"

சுல்பிகா. சீலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரம்பில் நிற்கிறாள் என் மகள்.

வந்தது. சேறு வழிய வழிய, ஒரு எருமைக் கன்று எழும்பி வருகிற மாதிரி வந்தது. மறு கரையில் ஏறி எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றது. செல்லத்தம்பி விசிலடித்தார். அல்லாஹு அக்பர் என்றேன். இவ்வளவு சின்ன ஆணிகளை இவள் விரலால் தட்டினாளே, அதுவா இவ்வளவு பெரிய சேற்றை ஜெயித்தது!

சுதன் குனிந்து கையில் எடுத்தார். பள்ளமெல்லாம் சேறு நிறைந்து கறுத்திருந்தது. நிலத்தில் உரசின மேடு மட்டும் மினுங்கினது. கனநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துடைக்கத் துணி கொடுத்தேன், பழக்க தோஷம்.

"வேணாம் அம்மா! கையெடுத்துக் கும்பிடுறன், கழுவ வேணாம்" என்று பேப்பரில் சுற்றிக்கொண்டார். கூட்டாளிமாருக்குக் காட்டுவதாகச் சொன்னார். மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ரேடியோவில் பிறை அறிவித்தார்கள். நாளை தலை நோன்பு.

மார்ச் 14, வெள்ளி

கொழும்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஹுஸ்னியா கஞ்சி காய்ச்சுகிறாள், ஓதுகிறாள், போனைப் பார்க்கிறாள். அவள் கேட்காமலே சுல்பிகா ஒபீசுக்கு இரண்டு அபாயா தைத்து வைத்திருக்கிறாள்.

மார்ச் 23, ஞாயிறு

இஃப்தாருக்கு முந்தி சுதன் அனுப்பின வீடியோ. கொழும்பில் எங்கோ ஒரு மைதானம். எங்கள் டாங்கி நற்பிட்டிமுனைச் சேறோடு அப்படியே ஓடுகிறது. பின்னால் ஆம்பிளைகள் கைதட்டுகிறார்கள். ஒருவர் சிங்களத்தில் ஏதோ கேட்கிறார். "இத யாரு செஞ்ச எண்டு கேக்கிறார்" என்றாள் ஹுஸ்னியா. திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னேன். ஈத்தம்பழம் கையிலேயே இருந்தது, பாங்கு சொன்னதே தெரியவில்லை.

சுல்பிகா எட்ட நின்று பார்த்தாள். "அந்தக் கரை ஏறினதக் காணல்லியே இதுல" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். வட்டிலப்பம் நன்றாக வந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

கொழும்பிலிருந்து மூன்று பெட்டிகள் ஒன்றாக வந்தன. ஹுஸ்னியா ஜும்ஆ நேரம் தூங்கிப்போயிருந்தாள், எழுப்பவில்லை. பார்சல்காரப் பொடியனிடம் கையெழுத்துப் போட்டது சுல்பிகா.

ஏப்ரல் 7, திங்கள்

ஒன்பது மணிக்கு இன்சூரன்ஸ் ஒபீசில் இருந்து கோல் வந்தது. இன்னும் வரவில்லையே என்று கேட்டிருக்க வேண்டும். போனை எடுத்தது சுல்பிகா. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், கை நின்றுவிட்டது.

"இல்ல சேர். மகள் வரமாட்டா. மன்னிச்சிக்கங்க, முந்தியே சொல்லியிரிக்கணும். அவவுக்கு இஞ்ச வேல இரிக்கி."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. சுல்பிகா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"டாங்கி சேர். ஓம், டாங்கி. யுத்த தாங்கி. ரிமோட்டுல ஓடுற. அதுக்கு இரும்புச் சாமான் பூட்டுற. கொழும்புல இரிந்து அனுப்புறாங்க."

போனை வைத்தாள். அறைக்குள் இருந்து சின்னச் சுத்தியல் சத்தம் நின்று, "ஆரு உம்மா?" என்று கேட்டது.

"ஆருமில்ல" என்றாள் சுல்பிகா. "நீ தட்டு."