அறுபத்தோரு நாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவுக்கு முட்டிவலி பாதி குறைந்திருக்கிறது, எனக்கு வயிற்றெரிச்சல் பாதி கூடியிருக்கிறது, மற்றபடி இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறீர்களா. போனில் பேசாமல் இந்த மனுஷன் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா ஸ்பீக்கரைத் தட்டிவிடுகிறாள், எதிர்வீட்டு டெய்லரம்மா வரைக்கும் கேட்கிறது. நான் சொல்லப் போவது அப்படித் தெரு கேட்கச் சொல்லும் விஷயம் இல்லை.

பெட்டி முக்கால்வாசி கட்டியாகிவிட்டது. அம்மாவின் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைத்தாயிற்று. பாஸ்போர்ட், போய்வர டிக்கெட், நாற்பத்திரண்டு நாள் எங்களோடு இருப்பார்கள் என்று நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய அழைப்புக் கடிதம், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன. அந்த உறையை நான் ஒரு நாளைக்கு நாலு முறை திறக்கிறேன், அம்மா நாலு முறை பிடுங்கி பீரோவில் வைக்கிறாள். இந்த நேரத்தில்தான் போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்று வந்தார். அவர் உன் வீட்டுக்கு இரண்டு தடவை வந்து போனவர் ஆயிற்றே, இரண்டு தடவையும் அறுபது அறுபது நாள். "அங்க ஏர்போர்ட் கவுண்டர்ல ரெண்டே நிமிஷம் சம்பந்தி, நம்ம மூஞ்சியப் பார்த்ததும் டக்குனு முத்திரை குத்தி விட்டுட்டான்" என்று இதுவரை முப்பது தடவையாவது சொல்லியிருப்பார். குட்டிக்கு மூணு சக்கர சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர், அவளுக்கு முதல் பல் விழுந்தபோது பக்கத்தில் இருந்தது அவர். அவர் அவளுக்குத் தாத்தா, நான் போன் தாத்தா. மூன்று மாதம் முன்னால் பேசி முடித்ததும் போனைக் கொண்டுபோய் சார்ஜில் சொருகி, "போன் தாத்தாக்குப் பசிக்கும்" என்றாளே, நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள், நானும்தான் சிரித்தேன். சிரித்த வாயோடு மறுநாள் காலையில் டிக்கெட் போடுகிறவரிடம் போய், திரும்பும் தேதியை அறுபத்தோராவது நாளுக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் அறுபத்தொன்று என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அவள் நாற்பத்திரண்டு நாள் என்று நினைத்துக்கொண்டு பால்காரரிடம் கணக்காகச் சொல்லி வைத்திருந்தாள்.

பயிற்சிக்கு வருகிறேன். உன் மாமனார் நம் சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் என் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆபீசராக உட்கார்ந்தார், நானும் அம்மாவும் பெட்டியோடு கூடத்தில் வரிசையில் நின்றோம், இரண்டே பேர் வரிசை. முதலில் நான். எதுக்கு வந்தீங்க, யாரைப் பார்க்கணும், எங்க தங்குவீங்க என்று அவர் கேட்கக் கேட்க எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. குழாய் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக முப்பத்தோரு வருஷம் ஊரையே இதே கேள்வி கேட்டவன் நான், பதில் சொல்லிப் பழக்கம் இல்லை. பேச்சுவாக்கில் நான் அவரையே நீங்க யாரு, பாஸ் எங்க என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "சம்பந்தி, இப்படிக் கேட்டீங்கன்னா அடுத்த பிளைட்லயே திருப்பி அனுப்பிருவாங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார். அடுத்தது அம்மா. அவளோ எதிரில் நிஜ ஆபீசர் இருப்பது போல நிமிர்ந்து நின்று, மகள் வீட்டுக்கு, பேத்தியைப் பார்க்க, நாற்பத்திரண்டு நாள் என்று தெள்ளத்தெளிவாகச் சொன்னாள். டிக்கெட்டைக் காட்டுங்கம்மா என்றார். காட்டினாள். அவர் விரல் விட்டு எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார் பார், அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன். அம்மா முன்னால் ஒன்றும் கேட்காமல், "சரி, போலாம்" என்று டிக்கெட்டை மூடிக் கொடுத்துவிட்டார்.

வாசல் வரை கொண்டுபோய் விடப் போனபோது செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "சம்பந்தி, அந்த ரெண்டு நிமிஷம் ரெண்டாவது தடவை. மொதத் தடவை என்னைத் தனி ரூம்ல மூணு மணி நேரம் உக்கார வெச்சுட்டாங்க. நான் பதட்டத்துல முப்பது நாள்னு சொல்லிட்டேன், டிக்கெட்ல அறுபது இருந்துச்சு. உங்க பொண்ணு வெளிய நின்னு போன்ல பேசித்தான் விட்டாங்க. ஒரே அழுகை எனக்கு. யார்கிட்டயும் சொல்லாதம்மான்னு அதுகிட்டக் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன்." வாயில் ஒன்று சீட்டில் ஒன்று இருந்தால் ஆளை ஓரமாக நிற்க வைத்தே முப்பத்தோரு வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். அவர் மட்டும் தன் மானத்தைக் கழற்றிக் காட்டாவிட்டால் நானும் உன் அம்மாவும் அந்த ரூமில்தான் உட்கார்ந்திருப்போம், உள்ளே விடுவார்களோ திருப்பி அனுப்புவார்களோ என்று. அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அவர் தெருமுனை தாண்டுவதற்குள் எனக்கு அடுத்த எரிச்சல் வந்துவிட்டது. அவர் ரகசியத்தை என்னிடம்கூடச் சொல்லாமல் மூன்று வருஷம் காப்பாற்றியிருக்கிறாயே. நல்ல பெண் நீ, தப்பே இல்லை. ஆனால் அப்படி ஒரு ரகசியம் உனக்கும் எனக்கும் இடையே இல்லையே.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள், இன்றைக்குத் தொலைந்தேன் என்று நினைத்தேன். "ஏங்க, அறுபத்தொண்ணுக்கு இவ்வளவு திருட்டுத்தனமா, என்னைக் கேட்டிருந்தா தொண்ணூறுன்னு சொல்லியிருப்பேன்ல" என்றாள். சம்பந்தியம்மா குட்டிக்குத் தலை பின்னிவிடுகிற போட்டோ வந்த நாளிலிருந்து அவளுக்கும் உள்ளே புகைந்துகொண்டுதான் இருந்ததாம்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். மாப்பிள்ளையிடம் மனம் விட்டுக் கேள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், சின்ன வீடு, கூடத்தில் ஒரு கிழவன் குறட்டை விட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், டிக்கெட் போடுகிறவரும் நானும் அல்ல. தேதியை இன்னும் மாற்றலாம் என்கிறார் அவர். நீ எத்தனை நாள் என்று எழுதுகிறாயோ அந்த எண்ணையே நானும் அம்மாவும் மனப்பாடம் செய்து, டிக்கெட்டையும் அதற்கே மாற்றி, கவுண்டரில் ஒரே குரலாகச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கடிதம் வந்து சேர ஆறு நாள் ஆகும் என்கிறார் கூரியர்காரர், கிளம்ப இன்னும் இருபது நாள் இருக்கிறது, அதனால் தள்ளிப் போடாதே. அந்த நாள் கணக்கைப் போட்டுப் புது அழைப்புக் கடிதமும் அனுப்பு, அதில் அம்மாவின் பாஸ்போர்ட் எண்ணை இரண்டு தடவை சரிபார்.

நீயும் மாப்பிள்ளையும் ஒற்றுமையாக, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், குட்டி நிறையப் படித்து நிறையச் சிரித்து நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். புது அழைப்புக் கடிதத்தில் நாற்பத்திரண்டு என்று போட்டாலும் சரி, முப்பது என்று போட்டாலும் சரி, சந்தோஷமாக வருவேன். அறுபது என்று மட்டும் போட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா