பாதிப் பணியாரம்

செவ்வாய், 12.9.1978

காலையில் கரவெட்டியில் பஸ்ஸுக்கு நின்றேன். என்னோடு பள்ளியில் படித்த சிவராசாவின் அம்மா, என் கையிலிருந்த படம் கீறும் டீ ஸ்குவயரைப் பார்த்து, "தம்பியும் கம்பஸ்தானோ?" என்று கேட்டார். "ஓம்" என்று சொல்லிவிட்டேன். சிவராசா படிப்பதுதான் கம்பஸ், பல்கலைக்கழகம்; நான் படிப்பது யாழ்ப்பாணத்தில் ஆறே அறைகள் உள்ள தொழில்நுட்பக் கல்லூரியில்.

"அப்ப இதை எங்கடை மகனிட்டைக் குடுத்துவிடு, ராசா" என்று பனங்காய்ப் பணியாரப் பொதியை நீட்டினார்.

பின்னேரம் கம்பஸ் வாசலில் காத்து நின்று சிவராசாவைப் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"யோசிக்காதை. அம்மா கேட்டா நானும் ஓமெண்டே சொல்லுறன்" என்றான். பணியாரத்தில் பாதியை எனக்கே தந்தான்.

அவன் கேலி செய்திருந்தால் திரும்பி வரும் பஸ்ஸிலேயே தின்று முடித்திருப்பேன். அந்தப் பாதி இன்னும் மேசையில் கிடக்கிறது. எறும்பு வந்துவிட்டது.