எட்டாம் தொட்டிக் குஞ்சுகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அவருடைய கண் கட்டையும் அவிழ்த்தாயிற்று. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே பண்ணையில் ஒன்று நடந்துவிட்டது. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நானும் உன் அத்தையும் வேலை பார்க்கிற மீன்குஞ்சுப் பண்ணைக்கு இந்தத் தடவை முதல்முறையாகக் கொடுவா மீன் முட்டை வந்தது. ஒரே நாளில் பொரிந்துவிட்டது. முதல் இரண்டு நாள் அதுகளுக்கு வாயே திறக்காது, வயிற்றில் ஒட்டிய மஞ்சள் கருதான் சாப்பாடு, கண்ணாடித் தூசி மாதிரி மிதக்கும். வாய் திறந்த பிறகு நாங்கள் மாறி மாறி இரை போட்டோம். மூன்று வாரத்தில் உடம்பு கறுத்து, நெற்றியில் ஒரு வெள்ளைக்கோடு விழுந்து, அவ்வளவு அழகு. நாலாம் வாரம் மேலாளர் எண்ணச் சொன்னார். அத்தை பொறுப்பிலிருந்த எட்டாம் தொட்டியில் பாதிக்கு மேல் காணோம். செத்து மிதக்கவும் இல்லை, தண்ணீர் வெளியேறும் வாயில் கட்டிய வலையும் கிழியவில்லை. ஒருநாள் அவள் மூடிய தூக்குவாளியோடு போனதைப் பார்த்தேன் என்று என் வாய் சும்மா இராமல் சொல்லித் தொலைத்தது. அன்றைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையுறையைக் கழற்றிக் குழாயடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தத் தொட்டி என் கைக்கு வந்தது. முந்தாநாள் காலையில் ஒரு குஞ்சு வாயை மூட முடியாமல் தத்தளித்தது. நோய் என்று நினைத்து வலையில் எடுத்துப் பார்த்தால், வாய்க்கு வெளியே ஒரு வால், இன்னும் துடித்துக்கொண்டு. கூடப் பிறந்ததைத் தலையோடு விழுங்கிக்கொண்டிருந்ததடி அது. பண்ணைக்கு வருகிற மீன் டாக்டரிடம் ஓடினேன். இந்த வயதில் பெரிசு சின்னதை விழுங்கும், அதற்காகத்தான் சல்லடையில் அளவு பார்த்துப் பிரிக்கச் சொன்னேன் என்றார் மீன் டாக்டர். பிரிக்கிற வேலை என்னுடையது. மற்றத் தொட்டிகளை முடித்துவிட்டு, அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு ஓட வேண்டியிருந்ததால் எட்டாவதை மட்டும் அப்புறம் என்று விட்டேன், பிறகு மறந்தே போனேன்.

மேலாளரிடம் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டு, நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். மன்னித்துவிடு என்றேன். நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். பிறகு மெதுவாக, “மீன் மீனைத் தின்னதைப் பாத்ததால வந்தீங்க அண்ணி. பாக்காம இருந்தா?” என்றாள். மேலாளர் அவளைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார், நாளைக்கு வேலைக்கு வருகிறாள், ஆனால் நான் இல்லாத ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கிறாள். அவள் உனக்குப் போன் செய்தால் எனக்காகப் பரிந்து பேசாதே, அவள் சொல்வதைக் கேட்டுக்கொள்.

நீங்கள் இருவரும் மனசு ஒத்து, குறையில்லாமல் வாழ வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா