அளக்கற வகுப்புல விழுந்த அடி

மல்லசமுத்திரம்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சிவபிரகாஷுக்கு அம்மா எழுதறது. சாமி, ஊட்டுல எல்லாரும் உசுரோட இருக்கறோம், அத மொதல்ல தெரிஞ்சுக்க. நீயும் அந்த சத்தீஸ்கர் காட்டுல மேலுக்கு ஒண்ணுமில்லாம இருக்கோணும். போன் பாதியில அறுந்து போவுது, வந்தாலும் நீ கத்தற, அதான் அங்க போர் போட வர்ற ரிக் வண்டி டிரைவர்கிட்ட இதக் குடுத்து உடறேன். தம்பிய அடிச்சவன் கைய வெட்டாம உடமாட்டேன்னு சொன்னயாமே. நடந்தத முழுசாக் கேளு.

தம்பி வேலை செய்யற கம்பெனில கந்தப்பன் லேத்து ஓட்டறவன், அவன் கடைஞ்சு போடற இரும்புத்தண்ட, அந்த ஷாஃப்ட்ட அளந்து பாக்கறது நம்ம குணசீலன். கொஞ்ச நாளா தம்பி அதுல நெறையா சைஸ் இல்லைன்னு தள்ளியிருக்கான், எல்லார் முன்னாலயும் குருட்டுப்பயலேன்னும் சொல்லியிருக்கான். கந்தப்பன வேலைய உட்டு நிறுத்தறதா பேச்சு. அப்பத்தான் கோயமுத்தூர்ல இருந்து ஒரு சாரக் கூப்பிட்டு, அளக்கற முறை சரியா இருக்குதான்னு சோதிக்கப் பயிற்சி வெச்சாங்க. அவரு அதே ஷாஃப்டுகளக் கலச்சுப் போட்டு, எது எதுன்னு சொல்லாம, தம்பியவும் இன்னும் ரெண்டு பேரையும் திரும்பத் திரும்ப அளக்கச் சொன்னாரு. காலைல நல்லாருக்குன்னு சொன்னதையே மத்தியானம் தம்பி ஆவாதுன்னான். அளக்கற மைக்ரோமீட்டர ஆளுக்கொரு இறுக்கு இறுக்கறாங்க, பத்தாததுக்கு அதுவும் தேஞ்சு கெடக்குது. ஆளையும் பீஸையும் குத்தம் சொல்றதுக்கு முந்தி அளவையே சோதிக்கோணும்னு அவரு சொல்லி வாய மூடல, அங்கயே உக்காந்திருந்த கந்தப்பன் எந்திரிச்சு அந்த ஷாஃப்டாலயே தம்பி மூஞ்சில உட்டான். புடிக்கறதுக்குள்ள மறுக்காவும் அடிச்சான். தாடை ஒடஞ்சு, பல்லு மேசை மேல சிதறிக் கெடந்துச்சாம்.

உங்கப்பா கொடுவாளத் தூக்கிட்டு அவன் ஊட்டுக்குப் போனாரு, நான் பின்னாலயே ஓடுனேன். கந்தப்பன அதுக்குள்ள போலீஸ் கூட்டிட்டுப் போயிருச்சு. அவன் பொண்டாட்டி ஆராயி வாசப்படிய மறிச்சு நின்னு, அவரு இல்லீங்க, உள்ள கொழந்த தூங்குதுங்கன்னு கும்புட்டா. கதவ வெட்டறேன்னு உங்கப்பா ஓங்குன மொத வெட்டுல கதவு பொளந்துச்சு, மறுக்கா ஓங்குனது அவ தோள்ல எறங்கிருச்சு. என் சீலையக் கிழிச்சு அமுக்குனேன், ரத்தம் நிக்கல, என் முழங்கை வரைக்கும் வழிஞ்சுது. கொழந்த எந்திரிச்சு வந்து பாத்துச்சு சாமி.

உங்கப்பா இப்ப ஜெயில்ல. தம்பியும் ஆராயியும் ஒரே ஆஸ்பத்திரில. அவளுக்கும் கஞ்சி கொண்டுட்டுப் போனேன், தூக்குப்போசியத் தட்டி உட்டா, சூடு என் கால்ல கொட்டிருச்சு. நாளைக்கும் கொண்டு போவேன். தம்பிக்கு வாயக் கம்பி போட்டுக் கட்டியிருக்குது. நீ சொன்னதச் சொன்னேன். அண்ணன வர வேண்டாம்னு சொல்லும்மா, நான் தள்ளுனதுல முக்காவாசி நல்ல ஷாஃப்ட்டுன்னு செல்லுல எழுதிக் காட்டிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

உனக்கு வரோணும்னா வா. வக்கீலப் பாக்கோணும், தம்பிக்குக் கஞ்சி ஊத்தோணும், ஆராயி ஊட்டுக் கதவுக்கு ஆசாரிய வெக்கோணும். அதுக்கு ஆள் வேணும். கைய வெட்ட வர்றதா இருந்தா என்னயத் தாண்டித்தான் போவோணும், நான் ஆராயி மாதிரியே வாசப்படில நிப்பேன்.

காளியாத்தா உன்னயக் காப்பாத்தட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. கம்ப்ரசர் ஓடறப்ப காதுல பஞ்சு வெச்சுக்க.

உன்னயப் பெத்தவ,
வசந்தாமணி