பந்து ஏறாத ஞாயிறுகள்

ஒரகடம்,
5.8.2024

கர்த்தருக்குள் அன்பான உங்களுக்கு,

கிளாரா எழுதுகிறேன். லாரி மோதிய அன்றே உங்கள் போன் நொறுங்கிவிட்டது. கழுத்தில் குழாய் இருப்பதால் பேசவும் முடியாது. "எழுதிக் குடுங்க அண்ணி, அண்ணன் படிப்பாரு" என்றாள் உங்கள் தங்கை ஷாரோன்.

மூச்சுப் பயிற்சி கொடுக்கும் ஃபாத்திமா நேற்று உங்களுக்கு ஒரு கருவியை மாட்டினாளே, அதைப் பற்றிச் சொல்கிறேன். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் அதை வாயால் உறிஞ்சி, உள்ளே இருக்கும் மூன்று பந்தை மேலே ஏற்றுகிறார்கள். உங்களுக்குக் காற்று கழுத்து வழியாகப் போவதால் வாயில் வைத்துப் பயனில்லை. அதனால் வாய் முனையைக் கழற்றிவிட்டு, அந்தக் கருவியைக் கழுத்துக் குழாயோடு சேர்த்திருக்கிறாள். பொருந்துகிற இணைப்புக்காக எங்கெங்கோ அலைந்தாளாம். நுரையீரலின் அடிப்பக்கம் சுருங்கிக் கிடக்கிறது. பந்து ஏற ஏற அது விரியும், பிறகு குழாயை எடுத்துவிடலாம் என்கிறாள்.

ஒன்று தெளிவாக இருக்கட்டும். கம்பெனி ஹாஸ்டலை விட்டு நான் உங்களிடம் திரும்பி வரவில்லை. நீங்கள் அறைந்த காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. குழாய் எடுக்கும்வரை ஞாயிறுதோறும் வருவேன். அவ்வளவுதான்.

கிளாரா


ஸ்ரீபெரும்புதூர்,
12.8.2024

அன்புள்ள கிளாராவுக்கு,

மூக்கு வழியாகக் கஞ்சி ஊற்றுகிறார்கள். ருசி மறந்துவிட்டது. ஃபாத்திமா சளியை எடுத்துவிட்டுக் கருவியை மாட்டுகிறாள். நீயே பார்த்தாய், ஒரு பந்துகூட அசையவில்லை. நாளாகும் போலிருக்கிறது.

நேற்று நீ தலை சீவிவிட்டாய். இன்று ஷாரோன் சீப்போடு வந்தாள், தொட விடவில்லை. அடுத்த ஞாயிறு கம்பெனியில் ஓ.டி. வேலை என்று சொல்லிவிடாதே. சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே கேள்.

உன் டெனிசன்


ஒரகடம்,
19.8.2024

டெனிசன் அவர்களுக்கு,

நேற்று ஃபாத்திமா என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டாள். "அக்கா, முதல் வாரம் நீங்க இல்லாதப்ப ரெண்டு பந்து ஏத்தினாரு. நானே பார்த்தேன். நீங்க வந்தா ஒண்ணுகூட ஏத்த மாட்டேன்றாரு. இப்ப யார் எதிர்லயும் இழுக்கறதே இல்ல. சளி தேங்கி காய்ச்சல் வந்துகினு கீது" என்றாள்.

உங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

குழாய் எடுத்தால் நான் வரமாட்டேன் என்றுதானே? வீட்டில் என்னை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போவீர்கள். இப்போது உங்கள் மூச்சை வைத்துப் பூட்டப் பார்க்கிறீர்கள்.

இனி எந்த ஞாயிறும் வரமாட்டேன். பந்து ஏறினாலும் சரி, ஏறாவிட்டாலும் சரி. எனக்காக எதையும் பிடித்து வைக்க வேண்டாம். உங்களுக்காக இழுங்கள். ஜெபத்தில் உங்களை நினைக்கிறேன், அதை நிறுத்தவில்லை.

கிளாரா


ஸ்ரீபெரும்புதூர்,
31.8.2024

கிளாராவுக்கு,

ஒரு வாரம் மூச்சு மெஷினில் போட்டிருந்தார்கள். நேற்றுதான் கழற்றினார்கள். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ எழுதியது எல்லாம் உண்மை.

வலது பக்கம் முழுக்கச் சளி கட்டிவிட்டதாம். நான் தூங்குகிறேன் என்று நினைத்து, இந்தக் குழாய் இனி நிரந்தரமாக இருக்கட்டும் என்று ஷாரோனிடம் டாக்டர் சொன்னார். ஃபாத்திமா இன்று காலை திரும்பவும் கருவியை மாட்டினாள். இழுத்தேன். கண்ணில் நீர் வரும்வரை இழுத்தேன். "இன்னொரு தடவை, அண்ணே" என்றாள். முதல் பந்து அடியிலேயே கிடந்தது.

இதை நீ நம்புவாய் என்று எழுதவில்லை. நான் உன் இடத்தில் இருந்தால் நம்பமாட்டேன். வர வேண்டாம்.

டெனிசன்